கால் படாத இடம்

அழகேசன் தொட்டி மண்ணை ஒரு கிள்ளு கிள்ளி நாக்கில் வைத்தபோது, அவன் மனைவி லோகேஸ்வரி நாலடி தள்ளி நின்று, கிலாங்குக்கு, தொழிற்சாலை வேலைக்கு, அவன் போடும் சட்டையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். மார்ச் மாத வெயில் காலை எட்டு மணிக்கே சுவரைச் சுட ஆரம்பித்திருந்தது. அவன் கண்ணை மூடி ருசி பார்த்தான். துப்பினான். தொட்டியின் மறுபக்கம் போய் இன்னொரு கிள்ளு எடுத்து வைத்தான். அதையும் துப்பினான்.

"உப்பு" என்றான்.

லோகேஸ்வரியின் கையில் சட்டை அப்படியே நின்றது.

"யாரோ உப்புத் தண்ணி ஊத்தியிருக்காங்க லோகா. ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல. மண்ணு பூரா ஏறிக் கெடக்கு."

   ஊற்றியது அவள்தான்.

தொட்டியில் அவன் வளர்த்த போன்சாய் மரத்தில் ஓர் இலை இல்லை. முந்தின நாள் வரைக்கும் ஓரம் கருகியாவது தொங்கிக்கொண்டிருந்தவை, அன்று காலை அவன் விரல் பட்டதும் பொலபொலவென்று கொட்டிவிட்டன. சிமெண்டுத் தரையில் அவை சருகுகூட இல்லை, வறுத்த கறிவேப்பிலை மாதிரி கிடந்தன. அதைக் கண்டு மலைத்துப்போய்தான் அவன் மண்ணையே தின்று பார்த்தான்.

அது கெசினாய், தமிழ்நாட்டில் பிராய் என்கிற மரம். சொரசொரப்பான இலை, எஸ்டேட்டில் அதை வைத்துச் சட்டி தேய்ப்பார்கள். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் சுங்கை லாலாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தை அழித்தபோது, எல்லை வேலியில் நின்ற கட்டை அது. மாடு கடித்தும் பாராங் கத்தியால் வெட்டுப்பட்டும் தொடைப் பருமனுக்குக் குட்டையாக முறுக்கிக்கொண்டு நின்றது. முதலில் பார்த்தவன் பெர்னார்ட். அழகேசனின் சிநேகிதன், மீன் வியாபாரி. தோட்டத்தை அழிக்கிற மெஷின் பக்கத்தில் வருவதற்குள் இரண்டு பேரும் ஒரு பகல் முழுக்கத் தோண்டி, பெர்னார்டின் மீன் வேனில் போட்டுக் கொண்டுவந்தார்கள். வேனை விட்டு இறக்கியபோது லோகேஸ்வரி அது விறகு என்றுதான் நினைத்தாள்.

அழகேசன் அதன் தலையை அறுத்தான். உடைந்த குளியல் தொட்டியில் ஆற்று மணலைப் போட்டு நட்டான். துளிர்த்த கிளைகளில் ஒன்றை மட்டும் அடக்காமல் ஓடவிட்டான். அது நாலு வருடத்தில் கூரைக்கு மேலே போய் அசிங்கமாக ஆடியது. ஒரு நாள் ரம்பத்தை எடுத்து அதை அடியோடு அறுத்தபோது லோகேஸ்வரிக்குத் திக்கென்றது. வெட்டுவதற்கா இத்தனை நாள் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டாள். அந்தக் கிளை இழுத்த சத்தில்தான் அடிமரம் பருத்தது, இனி அதற்கு வேலை இல்லை என்றான் அவன். அறுத்த இடம் கிண்ண அளவுக்கு வெள்ளையாகத் தெரிந்தது. அதன் விளிம்பிலிருந்து பட்டை கொஞ்சம் கொஞ்சமாக உருண்டு வந்து, உதடு மூடுவதுபோல மூட எட்டு வருடம் ஆனது.

கிளைகளுக்குக் கம்பி சுற்றி வளைப்பான். கம்பி கடிப்பதற்குள் வெட்டி எடுப்பான். அவன் அப்பா மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மட்டும் மறந்துபோனான். இரண்டாம் கிளையில் அந்தத் தழும்பு திருகாணி மாதிரி கடைசி வரை நின்றது. பதினோராம் வருடம் வண்டு துளைத்து முன்பக்கத்துப் பெரிய கிளை செத்தது. ஒரு மாதம் அவன் அதன் எதிரே ஸ்டூலைப் போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியை அப்படியே திருப்பி வைத்தான். முதுகாக இருந்தது முகமாயிற்று. முன்னைவிட நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு கிளைக்குள் கிளை, அதற்குள் குச்சி என்று அடர்ந்து, விரல் நீளத்துக்கு வந்த இலை வருடத்துக்கு வருடம் சுருங்கி நகத்தளவானது. கையகல ஆழத் தொட்டிக்கு மாற்றியபின் பார்த்தால், பெரிய வயல்வெளியில் தனியாக நிற்கிற கிழட்டு மரம் போல இருக்கும்; கிட்டே போனால்தான் அது இடுப்பளவு என்று தெரியும்.

போன டிசம்பரில் அலோர் ஸ்டாரில் நடந்த போன்சாய் கண்காட்சியில் அதற்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. போனில் படம் பரவியது. சனி ஞாயிறு ஆனால் சுங்கை பட்டாணி, கூலிம், பினாங்கு என்று எங்கெங்கிருந்தோ கார் வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. வந்தவர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்கள். பத்தொன்பது வருடமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி லோகேஸ்வரிக்குப் பிடிக்கவில்லை; கண் பட்டுவிடும். ஜனவரி கடைசியில் அழகேசன் வேலைக்குப் போகும்போது கூலிம் ரோட்டில் மோட்டார் சறுக்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தான். அன்று சாயங்காலமே அவனை நடுவீட்டில் கிழக்கே பார்க்க உட்கார வைத்து, கைநிறையக் கல்லுப்பை எடுத்து மூன்று சுற்றுச் சுற்றினாள்.

உப்பு சுற்றுவது பெரிய விஷயமல்ல. சுற்றியதை எங்கே போடுவது என்பதுதான் தாமான் குடியிருப்பு வீட்டில் தலைவலி. மிளகாயோடு சேர்த்து அடுப்பில் போட்டால் ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரப் பெண்ணின் கைக்குழந்தை இருமுகிறது. ஒருமுறை அவள் வந்து பதமாகச் சொல்லிவிட்டுப் போனாள். தண்ணீரில் கரைத்து ஊற்றலாம் என்றால் கால் மிதிபடாத இடமாக இருக்க வேண்டும். வீட்டுக்கு முன்னும் பின்னும் சிமெண்டு. லோங்காங்கில், தெருச் சாக்கடையில், ஊற்றலாம்தான், ஆனால் பந்து விழுந்தால் தாமான் பிள்ளைகள் அதில்தான் இறங்குகின்றன. அவள் அலுமினியச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலை ஒரு சுற்றுப் பார்த்தாள். யார் காலும் எந்தக் காலத்திலும் படாத ஒரே மண், நெஞ்சு உயர மேடையில் அந்தத் தொட்டியில் இருந்தது. கண்ணில் பாதி அந்த மரத்தின் மேலும்தானே பட்டது என்று அவளுக்குத் தோன்றியது. ஊற்றினாள்.

செவ்வாயும் வெள்ளியும் ஊற்றினாள். மழை இல்லாத மாதம். பகல் ஷிஃப்டில் தான் இல்லாத நேரம் மரம் காயக்கூடாது என்று அழகேசன் தொட்டிக்கடியில் தாம்பாளம் வைத்துத் தண்ணீர் தேக்கியிருந்தான். இறங்கியது எதுவும் வெளியே போகவில்லை. பிப்ரவரி நடுவில் இலை ஓரம் சிவந்தது. அழகேசன் வெயில் என்றான். பெர்னார்ட் பூஞ்சை என்றான். லோகேஸ்வரிக்கு மட்டும் சந்தேகமே இல்லை. பட்ட கண் சின்னக் கண்ணல்ல. வாரம் இரண்டு நாள் தினமும் ஆனது. ஒரு கை இரண்டு கை ஆனது. புருஷனுக்குச் சுற்றியதோடு, அவன் வேலைக்குப் போனபின் மரத்தையும் மூன்று சுற்றுச் சுற்றி, அதன் காலடியிலேயே கரைத்து ஊற்றினாள்.

இதையெல்லாம் அவள் அந்தக் கொடியடியில் நின்று ஒரு மூச்சில் நினைத்துப் பார்த்தாள். அவள் மூச்சை விடுவதற்குள் அழகேசன் வேறொரு கணக்குப் போட்டு முடித்திருந்தான்.

கேட் சாவி இருப்பது மூன்று பேரிடம். மூன்றாமவன் பெர்னார்ட். விடியுமுன் கோலா கெடா போய் மீன் எடுத்து, பீடோங் பக்கம் விற்றுவிட்டு, மத்தியானம் இந்தத் தாமானைக் கடக்கும்போது இறங்கி மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவான். அவன் வேனில் எப்போதும் ஐஸ் பெட்டி கழுவிய உப்புத் தண்ணீர் இருக்கும். டிசம்பரில் பரிசு அட்டையில் அழகேசன் பெயர் மட்டும் இருந்ததைப் பார்த்து, "தோண்டுனது ரெண்டு பேருலா" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்பு இப்போது அழகேசனுக்கு வேறு மாதிரி ஞாபகம் வந்தது.

"என்னங்க, கொஞ்சம் இருங்க" என்று லோகேஸ்வரி சொன்னது அவன் காதில் ஏறவில்லை. அன்று சனிக்கிழமை. தாமான் முனையில் அங்சானா மரத்தடிக்கு மீன் வேன் வருகிற நேரம்.

அவள் கேட்டுக்கு வந்தபோது அவன் பாதித் தெருவைத் தாண்டியிருந்தான். என்ன பேசினான் என்பது அவளுக்கு முழுதாகக் கேட்கவில்லை. பெர்னார்ட் முதலில் சிரித்தது தெரிந்தது. வேடிக்கை என்று நினைத்திருப்பான். அழகேசனின் கை வேனுக்குள் நீண்டு ஐஸ் பெட்டியைத் தட்டியது. பிறகு அவன் போட்ட சத்தம் எல்லா வீட்டுக்கும் கேட்டது.

"பத்தொம்பது வருஷம் கூடவே இருந்து கொன்னுட்டியேடா. இந்தக் கையிலதான் நீ மீனு வெட்டிக் குடுக்கற, இதத்தான் இவங்க திங்கறாங்க."

எட்டுப் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். எதிர்வீட்டு உமாராணி கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த கெம்போங் மீனை ஐஸில் திரும்ப வைத்துவிட்டு, விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அதைப் பெர்னார்ட் பார்த்தான். வேன் கதவை இழுத்துச் சாத்தினான். தராசு உள்ளே விழுந்த சத்தம் லோகேஸ்வரி நின்ற இடம் வரைக்கும் வந்தது.

அழகேசன் கிலாங்குக்கு லீவு சொன்னான். மரத்தைத் தொட்டியிலிருந்து பெயர்த்துப் பெரிய பிளாஸ்டிக் பேசினில் வைத்து, குவளை குவளையாக மொண்டு வேரைக் கழுவினான். கழுவிய தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைப்பான், கொட்டுவான், மறுபடி நிரப்புவான். அடிமரப் பட்டையை நகத்தால் கீறிப் பார்க்கச் சொல்லி அவன் போன்சாய் குழுவில் இருந்த ஒருவர் போனில் சொன்னார். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறதாம். அவன் கீறவில்லை. பயம்.

லோகேஸ்வரி சமைத்தாள். உப்பு டப்பாவைத் திறக்கக் கை வரவில்லை. சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் குழம்பு உப்பில்லாமல் இருந்தது. அவன் பிசைந்து தின்றான், தெரியவே இல்லை. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் தட்டை வைக்கும்போது நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் பரிமாறிவிட்டு வந்துவிடுவாள். பெர்னார்டின் வேன் அந்தப் பக்கமே வரவில்லை. பாசார் சந்தைக்குப் போன இடத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்: அவன் மீனில் என்னவெல்லாம் கலக்கிறானோ, இத்தனை நாள் பிள்ளைகளுக்குக் கொடுத்தோமே என்று. லோகேஸ்வரி கீரையைக் கூடையிலேயே போட்டுவிட்டு நடந்தாள். நேராகப் பெர்னார்ட் வீட்டுக்குத்தான் கால் போனது.

பெர்னார்டின் மனைவி ஜெனவீவ் கதவைத் திறந்தாள். உட்காரச் சொல்லவில்லை. வேன் வாசலில் கழுவிக் கவிழ்த்த பெட்டிகளோடு நின்றது. தவக்காலம்; கிறிஸ்தவர்கள் இறைச்சியைத் தவிர்ப்பதால் வருடத்திலேயே மீன் அதிகம் போகிற நாட்கள்.

"கடலுக்குப் பக்கமே போகல. மூணு நாளு" என்றாள் ஜெனவீவ். "இன்னிக்குக் காலையில வரைக்கும் படுத்தே கெடந்தாரு. முந்தாநேத்து வரைக்கும் கோவமா இருந்தாரு லோகா, அது எனக்குப் பரவால்ல. நேத்திலேர்ந்து வேற மாதிரி பேசறாரு."

"என்னா பேசறாரு?"

"'ரெண்டு வாளியும் ஒரே நெறம்டி. நான்தான் மாத்தி மொண்டு ஊத்திட்டேன் போல'ங்கறாரு. நான் இல்லன்னு சொன்னா நம்பல. நெனச்சு நெனச்சு இப்ப அவருக்கே ஊத்துன மாதிரி ஞாபகம் வந்துருச்சு. குவளையில மொண்டது, கை ஈரமா இருந்தது, எல்லாம் சொல்றாரு. எனக்கு பயமா இருக்கு. செய்யாத ஒண்ணு எப்படி ஒரு மனுசனுக்கு ஞாபகம் வரும்?"

லோகேஸ்வரி ஓர் அடி உள்ளே வந்தாள்.

"அக்கா, ஊத்துனது நான்" என்றாள். சுற்றிப் போட்டதை, சொம்பை, தொட்டியை எல்லாம் நின்ற வாக்கிலேயே சொன்னாள்.  முடித்ததும், ஜெனவீவ் படுக்கை அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அது சாத்தியிருந்தது.

"சனிக்கெழம காலையிலயே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"அந்தக் கத்து கத்தும்போது கேட்டுலதான நின்ன. ரோனால்டு சொன்னான், பாத்தேன்னு." ரோனால்ட் அவளுடைய அண்ணன் மகன், அதே தெருவில் இருக்கிறான். "மொதல்ல ஒன் புருஷன்கிட்ட போயி சொல்லு. நான் சொன்னா இவரு நம்பமாட்டாரு. இவரு எந்திரிச்சு சட்ட போட்டுக்கிட்டு இருக்காரு, அங்கதான் கெளம்பறாரு. மன்னிப்புக் கேக்க."

லோகேஸ்வரி ஓடினாள். ஐம்பத்திரண்டு வயதில் பகல் பன்னிரண்டு மணி வெயிலில் தாமான் ரோட்டில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவளை ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

அழகேசன் அந்தப் பேசினுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு வேரின்மேல் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.

"என்னங்க. பெர்னார்ட் அண்ணே இல்ல. நான்தான்."

"நீ என்னா?"

"உப்பு. நீங்க விழுந்த அன்னிலேர்ந்து. சுத்திக் கரைச்சு அதுலதான் ஊத்துனேன். கால் படாத எடம்னு."

குவளையிலிருந்து தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டே இருந்தது. காலியான பிறகும் அவன் அதை நிமிர்த்தவில்லை.

"யாருக்கு சுத்துன?"

"ஒங்களுக்கு. அப்பறம்... எல கருகுனதும் மரத்துக்கும்."

"மரத்துக்கு" என்றான். அவளைப் பார்க்கவில்லை. "மரத்துக்குக் கண்ணு பட்டுருச்சுன்னு மரத்துக்கே உப்பு ஊத்துன."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் குரலில் கோபமே இல்லை. யாரோ ஊர் பேர் தெரியாத ஆள் செய்ததைத் தெரிந்துகொள்கிறவன்போல அதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். அப்போதுதான் கேட் கிறீச்சிட்டது.

பெர்னார்ட் கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். சவரம் செய்யாத முகம். மரத்தைப் பார்த்ததும் அவன் கண் அங்கேயே நின்றது. இலை விழுந்தபிறகு அவன் அதை இப்போதுதான் பார்க்கிறான்.

"மச்சான், எனக்கு நிச்சயமாத் தெரியல. ஆனா நான் ஐஸ் பெட்டியோட ரெண்டு மூணு தடவ உள்ள வந்திருக்கேன். வாளி மாறியிருக்கும். வேணும்னு செய்யல. எங் கைதான் போல. மன்னிச்சுரு."

அழகேசன் எழுந்தான். ஈரக் கையைக் கைலியில் துடைத்தான். ஒரே ஒரு தடவை லோகேஸ்வரியைப் பார்த்தான். பிறகு பெர்னார்டைப் பார்த்துச் சொன்னான்:

"சரி விடு பெர்னார்ட். ஆனது ஆச்சு."

லோகேஸ்வரி தன் காதை நம்பவில்லை. பெண்டாட்டியைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னானா, தெருவில் சத்தம் போட்ட தன் மானத்தைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னானா, அவளுக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அது நொடியில் வந்துவிட்டது. ஒரு குச்சியை எந்தப் பக்கம் வளைப்பது என்று ஆறு மாதம் யோசிக்கிற மனிதன். பெர்னார்ட் தலையை ஆட்டினான். பாரம் இறங்கியவன்போல் தோள் தளர்ந்தது. அந்தத் தளர்ச்சியைத்தான் அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அண்ணே, நீங்க இல்ல. நான்தான் ஊத்துனேன். இவருக்கும் தெரியும்."

பெர்னார்ட் புரியாமல் நின்றான்.

"தெரியும்னா, எப்ப சொன்னீங்க தங்கச்சி?"

"இப்பதான். நீங்க கேட்டத் தொறக்கறதுக்கு முன்னாடி."

அவன் அவளைப் பார்க்கவில்லை. அழகேசனைப் பார்த்தான். அவ்வளவு நேரம் ஒரு ஆளை ஒரு ஆள் பார்த்து அவள் கண்டதில்லை.

"ஆனது ஆச்சா?" என்று கேட்டான். பதிலுக்கு நிற்காமல் திரும்பிப் போனான்.

அழகேசன் வெறுங்காலோடு பின்னால் போனான். தார் ரோடு கொதித்தது. லோகேஸ்வரி குவளையை எடுத்தாள். வேர் காயக்கூடாது என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தது மட்டும்தான் அப்போது நினைவில் இருந்தது. மொண்டு ஊற்றினாள். வேர் அவள் விரலுக்குள் நார் மாதிரி வந்தது. சிலது உரிந்து கையோடு வந்தது.

அழகேசன் தனியாகத் திரும்பி வந்தான். உள்ளங்கால் சிவந்திருந்தது. படியில் உட்கார்ந்தான்.

"வரல" என்றான். "சனிக்கெழம வேன் வருமாம். எங்க சொன்னனோ அங்க வந்து சொல்லச் சொல்றான். அதே ஆளுங்க முன்னாடி."

"நான் வந்து சொல்றேன். செஞ்சது நான்தான."

"ஒன் பேர அவன் எடுக்கவே இல்ல. உப்பு அவளோடது, பேச்சு ஒன்னோடதுங்கறான்."

 சனிக்கிழமை காலையில் அவன் ரம்பத்தை எடுத்து உச்சிக் கிளையை அறுத்தான். உள்ளே காய்ந்த காப்பித்தூள் நிறம். அடுத்த கிளையை அறுத்தான், அதுவும் அப்படியே. கம்பித் தழும்பு இருந்த கிளையின்மேல் ரம்பத்தை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டான். சட்டையை மாட்டினான். லோகேஸ்வரியும் சேலையைச் சரிசெய்துகொண்டு கூட நடந்தாள். வராதே என்று அவன் சொல்லவில்லை.

அங்சானா மரத்தடியில் வேன் நின்றது. கூட்டம் குறைவு; ஆனால் உமாராணி இருந்தாள், பாசாரில் பேசிய பெண்களில் ஒருத்தி இருந்தாள், கையை மார்பில் கட்டிக்கொண்டு ரோனால்ட் நின்றான். மீன் வாங்க வந்தவர்களைவிட, வாங்குவதா வேண்டாமா என்று பார்க்க வந்தவர்கள் அதிகம். வேன் கதவோரம் ஜெனவீவ் உட்கார்ந்து செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். அழகேசன் வரிசையில் நின்றான். முன்னால் இரண்டு பேர். பெர்னார்ட் நிறுத்தான், வெட்டினான், பையில் போட்டான். நிமிரவில்லை. வரிசை நகர்ந்தது.

"என்னா மீனு?" என்றான் பெர்னார்ட், யாரோ ஒரு ஆளிடம் கேட்பதுபோல.

"மீனு வாங்க வரல."

பேச்சு நின்றது.  அழகேசன் ஐஸைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தான்.

"அன்னிக்கு நான் சொன்னது பொய். மரத்துக்கு நீ எதுவும் செய்யல. அது எங்க வீட்டுலயே நடந்தது. தெரிஞ்சப்பறமும் நான் ஒன்ன மன்னிச்ச மாதிரி பேசுனேன்."

பெர்னார்ட் கத்தியைக் கீழே வைத்தான்.

"ஐஸுகிட்ட சொல்லாத" என்றான். "அந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு. கடைசியில நிக்கறவங்களுக்குக் கேக்கல."

அழகேசன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான்.